நிலவறைக்கு மேலே ஒரு வீடு

என் மேசையில் ஒரு பழைய விசைப்பலகை இருக்கிறது. அதில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. நீல நிறம், நான்கு துளை, துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் சட்டையில் வரும் தடித்த பொத்தான். வெள்ளவத்தையில் நான் இருக்கும் இந்த மேல்மாடி அறைக்கு வருகிறவர்கள் அதைக் கண்டால் சிரிப்பார்கள், புதிது ஒன்று வாங்கக் கூடாதா என்பார்கள். வாங்கலாம்தான். ஆனால் அந்தப் பொத்தானை ஒட்டியவர் என் அண்ணி. அது கழன்ற சட்டை என் அண்ணாவுடையது. அங்கே முதலில் இருந்த விசை தெறித்துப்போனது அண்ணியின் முகத்தில் பட்டு. ஆகவே வாங்கவில்லை.

அண்ணாவை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு ஒடுங்கிய ஒரு சந்துக்குள் இருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா, அண்ணா, அண்ணி, அவர்களுடைய சின்ன மகள், நான் என்று அந்த வீட்டுக்குள் இருந்தோம். அண்ணா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் தனியாக இருந்து பெரிய பெரிய பெட்டிகளை இறக்கி வைக்கிற வேலை. கை கொஞ்சம் பிசகினாலும் கீழே நிற்பவன் சாவான். பொறுமையை எல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வருகிறான், பாவம் என்று அம்மா சொல்வார். வெளியில் அவனைப் போல் நல்ல மனிதன் இல்லை. மாதாவின் சொரூபம் சந்துக்குள் வரும்போது முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். செத்த வீட்டில் கதிரை தூக்குவான். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் கதவைச் சாத்தினால் வேறு ஆள்.

அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஒரு கணனி விளையாட்டு. பனிமலைகளும் கொள்ளைக்காரரும் நெருப்புக் கக்கும் பறவைகளும் நிறைந்த ஒரு கற்பனை நாடு. அங்கே அவன் இரண்டு கையாலும் பிடிக்கும் வாளோடு திரிகிற வீரன். ஒருநாள் பின்னேரச் செபத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல அண்ணி அவன் பக்கத்தில் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கொள்ளைக்காரன் அவனுடைய வீரனை வெட்டி விழுத்திவிட்டான். அண்ணா எழும்பவில்லை. இருந்தபடியே விசைப்பலகையை வயரோடு பிடுங்கி அண்ணியின் முகத்தில் அடித்தான். எழுத்துகள் சோளம் பொரிந்ததுபோல் தெறித்தன. அண்ணியின் மேலுதடு கிழிந்து பல்லெல்லாம் இரத்தம். பிறகு அவன் போய்க் கைகழுவிவிட்டு வந்து, முழந்தாளில் இருந்து, செபமாலையைத் தொடங்கி வைத்தான். அண்ணி சீலைத் தலைப்பை உதட்டில் அழுத்திக்கொண்டு பதில் செபம் சொன்னார். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் அடி விழுந்தால் மற்ற வீட்டில் சத்தத்தைக் கூட்டுவதுதான் மரியாதை.

மறுநாள் அண்ணியும் நானும் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் தடவி எழுத்துகளைப் பொறுக்கினோம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்த விளையாட்டில் கதவைத் திறக்க அழுத்துகிற விசை அதுதான். அது இல்லாமல் பின்னேரம் அவன் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணி கொடியில் காய்ந்த அவனுடைய வேலைச் சட்டையில் இருந்து ஒரு பொத்தானை வெட்டி எடுத்துப் பசை போட்டு ஒட்டினார். சட்டையில் பொத்தான் குறைந்ததை அவன் கவனிக்கவேயில்லை.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வெள்ளவத்தைக்காரி. கல்யாணத்துக்கு முன்னர் காலி வீதியில் ஒரு கட்டட வரைஞரிடம் வேலை செய்தவர். கணனியில் வீட்டுப் படம் கீறுவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கல்யாணமானதும் அண்ணா அந்த வேலையை நிறுத்தினான். இப்படி இருக்கும்போது ஒருநாள் அவனாகவே கேட்டான்: "நீ வீடு கீறினவள்தானே. எனக்கு இதுக்குள்ள ஒரு வீடு செய்து தா. இதில இருக்கிற வீடெல்லாம் ஆட்டுக்கொட்டில் மாதிரி." அந்த விளையாட்டை ஆடுகிறவர்களே வீடு, உடுப்பு, ஊர் என்று புதிதாகச் செய்து அதில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்து சேர்க்கும் துண்டை 'மொட்' என்பார்கள். அண்ணி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதைப் படித்தார். அண்ணா வேலைக்கும் மகள் நேசரிப் பள்ளிக்கும் போன பிறகு அதே கணனியில் இருந்து செய்தார்.

முதல் வீடு ஒரே அறை. மலைச்சரிவில் கல்லும் மரமும் வைத்துக் கட்டியது. உள்ளே ஓர் அடுப்பு, ஒரு கதிரை, தரையில் கம்பளம். தரையில் யார் எங்கே நடக்கலாம் என்பதற்கு ஒரு வலையை விரித்துக் காட்டாவிட்டால் அந்த உலகத்து உயிர்கள் நின்ற இடத்திலேயே மரக்கட்டையாக நிற்குமாம். அண்ணிக்கு அது முதலில் தெரியவில்லை. அவர் விட்ட பூனை ஒரு நாள் முழுவதும் சுவருக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு நின்றது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அண்ணி அந்த வலையை அடுப்பைச் சுற்றி, கதிரையின் காலைச் சுற்றி, முக்கோணம் முக்கோணமாகப் பொறுமையாகக் கட்டினார். பூனை போய் அடுப்படியில் சுருண்டு படுத்தது.

அன்று பின்னேரம் அண்ணா அந்த வீட்டுக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. செபத்துக்குத் தானே எழும்பி வந்தான். அன்று அடி இல்லை. அண்ணி அதைக் கண்டுகொண்டார். அடுத்த கிழமை அந்த வீட்டுக்கு ஒரு குசினி வந்தது. பிறகு ஆவி பறக்கும் ஒரு குளியலறை, மீன் தொட்டி, பூனைக்குக் குட்டிகள், மாடியில் யன்னலோரம் ஒரு கட்டில். விளக்குகளை எல்லாம் மங்கலாக்கித் தோடம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்தார். கூரையில் மழை விழும் சத்தத்தை எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் இருந்து போனில் பதிவு செய்தார். யன்னலைத் திறந்தால் கேட்கும் கடல் வெள்ளவத்தைக் கடல். அவர் பிறந்த வீட்டுக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அலைக்கும் கடல் அது.

சனிக்கிழமைகளில் நான் புறக்கோட்டையில் வேலை செய்த கந்தோரில் இருந்து அரைநாளோடு வந்துவிடுவேன். அண்ணா வேலையில் இருப்பான். "தங்கச்சி, ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. எந்த இடத்தில அலுப்பு வருது எண்டு சொல்லுங்கோ" என்பார் அண்ணி. நான் போய் நடப்பேன். வெளியே பனி கொட்டும், உள்ளே கறி கொதிக்கும். எனக்கு வெளியே வர மனம் வராது. எந்த இடத்தில் எழும்ப நினைத்தேன் என்று அண்ணி திருப்பித் திருப்பிக் கேட்பார். அந்த இடத்தில் ஏதாவது ஒன்றை வைப்பார். அவன் அந்த வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் இந்த வீட்டில் யாருக்கும் அடி விழாது என்பதுதான் கணக்கு என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

புதிய அறை ஒன்று அவனைச் சில நாட்களுக்குத்தான் பிடித்து வைக்கும். ஒருமுறை "வாளை எங்க மாட்டுறது?" என்று கேட்டான். அண்ணி அந்த வீட்டில் ஆயுதம் மாட்ட ஓரிடமும் வைக்கவில்லை. குசினியில் கத்திகூட வைக்கவில்லை. "வீட்டுக்குள்ள எதுக்கு வாள்?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அவன் அண்ணியின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினான். மகள் மேசைக்கு அடியில் போய் இருந்துகொண்டாள். அடுத்த சில நாட்களில் அந்த வீட்டின் ஹோலில் ஒரு சுவர் முழுக்க வாளும் கோடரியும் தொங்கின. அந்தச் சுவரைச் செய்தபோது அண்ணியின் இடது கண் மூடியிருந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்து ஒவ்வொரு வாளையும் நேராக மாட்டினார்.

அதற்குப் பிறகு அண்ணியும் நானும் பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனோம். அங்கே இருந்தவர் அண்ணியின் கண்ணை நன்றாகப் பார்த்துவிட்டு, "கெதர ப்ரஷ்னயக்னே, நங்கி" என்று சிங்களத்தில் சொன்னார். வீட்டுப் பிரச்சினைதானே, தங்கச்சி. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா, "ஆம்பிளை எண்டா கோவம் வரும்தான் பிள்ளை, நீங்கதான் பாத்து நடக்க வேணும்" என்றார். அண்ணி பாத்து நடக்காமல் இருந்த நாள் ஒன்று உண்டா என்று கேட்டேன். அம்மா அரிசி களையத் தொடங்கினார்.

ஒரு மழைநாள் அண்ணா அந்த வீட்டின் எல்லா அறைகளிலும் ஏறி இறங்கி நடந்தான். பூனையைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், பிறகு கதிரையைப் பின்னால் தள்ளினான். "சும்மா குந்திக்கொண்டு இருக்க ஏலாது. வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளுக்கு அடிக்க ஒருத்தனும் இல்லை" என்றான். அண்ணி குசினி வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். அன்று மகளுக்கு அடி விழுந்தது. முதல் தடவை. பால் கோப்பையைத் தட்டிவிட்டாள் என்று அவளைக் கையில் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் எறிந்தான். பிள்ளை அழக்கூட இல்லை. அதைப் பார்த்த அண்ணியின் முகத்தை நான் மறக்கமாட்டேன். அவர் முகத்தில் அப்போது பயம் இருக்கவில்லை.

சில நாள் கழித்துப் பின்வாசலில் உடுப்புக் காயப்போடும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தங்கச்சி, அண்ணா ஒரு விளையாட்டில தோத்தா எப்ப விடுவார்?" நான் சிரித்துவிட்டேன். "விடமாட்டார். சின்னனில கரம்போட் விளையாடினா தான் வெல்லுமட்டும் என்னை எழும்ப விடமாட்டார். பசிச்சாலும் விடமாட்டார். ஒருநாள் நான் வெண்டிட்டன் எண்டு பலகையை என்ர விரலுக்கு மேல போட்டவர்." அண்ணி கொடியில் கவ்வியைக் குத்தியபடி, "அப்ப சரி" என்றார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, அம்மா மாதர் சங்கக் கூட்டத்துக்கு மறுபடி கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணி மேசை துடைத்துக்கொண்டே, "குசினிக்குக் கீழ ஒரு நிலவறை செய்திருக்கிறன். அங்க ஒருத்தன் இருக்கிறான். உங்களால ஏலுமோ தெரியாது" என்றார். குரலில் ஒரு சின்னப் பரிகாசம். அண்ணா சிரித்துக்கொண்டு போய்க் கணனிக்கு முன்னால் இருந்தான். கொஞ்ச நேரத்தில் வாள் மோதும் சத்தம் தொடங்கியது. பிறகு அவனுடைய தூஷணம். பிறகு மறுபடியும் வாள்.

அண்ணி குசினியில் துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் ஒரு சுவர்தான். நான் உள்ளே போனதும் அவர் துருவுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்துத் தலையால் கூப்பிட்டார். அருகில் போனேன். பாதித் தேங்காயை என் கையில் தந்துவிட்டுத் துருவும் சத்தம் அறாமல் சட்டென எழும்பினார். நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் பின்வாசலில் மகள் நேசரிப் பையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அண்ணி வீட்டுச் சட்டையோடு, சந்தியில் சீனி வாங்கப் போகிறவர் போல் இருந்தார். என் தலையில் கையை வைத்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துருவும் சத்தம் கேட்கும்வரை அண்ணி குசினியில் இருக்கிறார் என்றுதான் அவன் நினைப்பான். நான் துருவினேன். கதவு திறந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஒரு தேங்காய் முடிந்தது. அடுத்ததை உடைத்தேன். துருவலையின் பல்லில் பட்டு விரல் கிழிந்தது, நிறுத்தவில்லை. ஹோலில் அவன் கத்திக்கொண்டிருந்தான். "செத்துப் போடா, செத்துப் போ" என்று மேசையில் குத்தினான். அவன் எழும்பி வருவதுபோல் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் இன்னும் வேகமாகத் துருவினேன். எழும்பவில்லை, கதிரையில் நெளிந்திருக்கிறான், அவ்வளவுதான். பிறகு, "தேத்தண்ணி எங்க?" என்று ஒரு குரல் வந்தது.

தேநீர் ஊற்றினேன். அண்ணி கொண்டுபோகும் அதே கோப்பையில், அதே தட்டில். அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் அந்த நிலவறையைக் கண்டேன். கரிய உருவம் ஒன்று, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, கையில் ஆயுதம் இல்லை. அண்ணாவின் வீரன் அதை வெட்டிக்கொண்டிருந்தான். அது சாகும் நிலைக்கு வந்து முழங்காலில் விழும், பிறகு எழும்பும். அண்ணா திரும்பாமலே கையை நீட்டினான். கோப்பையைக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "பார், இவன் சாகிறானில்லை" என்றான். அண்ணிக்கு என்று நினைத்து என்னிடம் சொன்னான். என் விரலில் இருந்து ஒரு துளி இரத்தம் தட்டில் விழுந்திருந்தது. அதையும் அவன் காணவில்லை. தேநீர் கொண்டுவருகிற கைக்குச் சொந்தக்காரி யார் என்று பார்க்கும் வழக்கம் அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அதனால்தான் நான் பிழைத்தேன்.

வெளியே வெயில் சாய்ந்து அம்மா வந்து, "பிள்ளை எங்க?" என்று கேட்கும்வரை அது நடந்தது. அண்ணா குசினிக்கு வந்தான். வீட்டில் இருந்த தேங்காய் எல்லாம் துருவலாகிச் சட்டியிலும் தாச்சியிலும் சுளகிலும் குவிந்து கிடந்தது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போதும். அவன் அந்தக் குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்வாசலைப் பார்த்தான். கத்தவில்லை. என் இடது கையைப் பிடித்து அம்மிக் கல்லின் விளிம்பில் வைத்து முறித்தான். காய்ந்த தடி முறியும் சத்தம்தான். பிறகு துருவலையைத் தூக்கிக்கொண்டு போய்க் கணனியை அடித்தான். திரை உடைந்தும் விடவில்லை, பெட்டி நசுங்கும்வரை அடித்தான். அம்மா மாதாவைக் கூப்பிட்டார். நான் தரையில் கிடந்து சிரித்தேன். வலியில் அல்ல, சந்தோஷத்தில்தான். அவன் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் அண்ணியும் பிள்ளையும் இன்னும் கொஞ்சத் தூரம் போயிருப்பார்கள்.

கட்டுப் போட்ட கையோடு நான் அந்த வீட்டை விட்டு வந்தபோது, குப்பையில் கிடந்த விசைப்பலகையை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டேன். மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்பாது. அண்ணியும் மகளும் இருக்கும் இடத்தை எழுதமாட்டேன். அவன் உயிரோடு இருக்கிறான், இன்னும் சொரூபத்துக்குத் தோள் கொடுக்கிறான்.

பல மாதம் கழித்துத் தெரியாத எண்ணில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. "கை எப்பிடி, தங்கச்சி?" என்று அண்ணி கேட்டார். இருவரும் அழுதோம். பிறகு எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணி, அது உண்மையா சாகவே சாகாதா?"

"சாகாது. அடிக்க அடிக்க அதுக்கு உயிர் ஏறும். அப்பிடித்தான் செய்தனான்."

"அப்ப வெல்ல வழியே இல்லையா?"

"இருக்கு. வாளை உறைக்குள்ள போட்டிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிக்க வேணும். அது அப்பிடியே திரும்பிப் போயிடும்."

"அண்ணா அதைக் கண்டுபிடிச்சிருந்தா? ஏன் அப்பிடி ஒரு வழி வச்சனீங்கள்?"

"வழி இல்லாட்டி, செய்ததில பிழை எண்டு மூடிட்டு எழும்பி வந்திருப்பார். வெட்டுறது கொஞ்சம் குறைஞ்சா அது ஒரு எட்டுப் பின்னுக்குப் போகும். அதைப் பாத்துத்தான் வெண்டிடலாம் எண்டு நிண்டிருப்பார்." பிறகு சொன்னார்: "அவர் கையை இறக்கமாட்டார். அதை நம்பித்தான் பிள்ளையோட வெளிக்கிட்டனான்."

அத்தனை வருடம் அடி வாங்கியவருக்கு அவனைப் பற்றி உறுதியாகத் தெரிந்திருந்த ஒன்றே ஒன்று அது. அன்றைய பின்னேரத்தில் ஒரு தடவை, அலுத்தோ களைத்தோ, அவன் கையைத் தாழ்த்தியிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் எழும்பிக் குசினிக்கு வந்திருப்பான், அவர்கள் பஸ் தரிப்பிடத்திலேயே பிடிபட்டிருப்பார்கள்.

அண்ணி வெளிக்கிடும் முன்னர் பிரதி எடுத்து வைத்திருந்த அந்த வீட்டை எனக்கு அனுப்பிவைத்தார். நிலவறை இல்லாத ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் போட்டிருக்கிறார், வாள் மாட்டும் சுவரும் அதில் இல்லை. யார் யாரோ எந்தெந்த நாட்டில் இருந்தோ வந்து, சண்டையெல்லாம் முடிந்து இங்கே வந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். வாசித்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும். என்னிடம் இருப்பது நிலவறை உள்ள வீடு. வேலை முடிந்து வந்து சில நாட்களில் அதற்குள் போவேன். யன்னலுக்கு வெளியே கேட்பது அந்த வீட்டுக் கடலா இந்த அறைக்கு முன்னால் இருக்கும் கடலா என்று பிரித்தறிய முடியாது. ரயில் போனால்தான் தெரியும்.

நேற்றும் போனேன். பூனையைத் தாண்டி, குசினியைத் தாண்டிக் கீழே இறங்கினேன். அது நின்றது. வாளை உறைக்குள் போட்டேன். அதுவும் அசையாமல் என்னைப் பார்த்தது, பிறகு மெல்லத் திரும்பத் தொடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. வாளை உருவி அதன் முதுகில் வெட்டினேன். அண்ணியின் உதட்டுக்கு, கண்ணுக்கு, பிள்ளையைக் கட்டிலில் எறிந்ததற்கு, என் மணிக்கட்டுக்கு என்று வெட்டினேன். அது எழும்பி எழும்பி வந்தது. நானும் அவன் பிறந்த வீட்டில் பிறந்தவள்தானே. கை வலித்து விரல் மரத்துப்போன பிறகு, அதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்தேன். வாசலுக்கு வந்து நீலப் பொத்தானை அழுத்தினேன். தோற்றபடியே கதவைத் திறந்து வெளியே வந்தேன்.